சாட்சி மேசை

எங்கள் வேனில் கடைசியாக ஏறி முதலில் இறங்குவது ஒரு மடக்கு மேசை. எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் என் கொழுந்தனார் முதல் வேலையாக அதை மேடைக்கு வலது பக்கம் விரித்து, வெள்ளைத் துணி போடுவார். பிறகு பூட்டிய தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். ஓர் ஊன்றுகோல். மூக்குக் கண்ணாடிகள். இடுப்புப் பட்டை. காதில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று. மீதியெல்லாம் மருந்து. பாதி தீர்ந்த புட்டிகள், அட்டை அட்டையாக மாத்திரைகள்.

சாட்சி மேசை என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்கிறவர். சொந்தமாகச் சபை கிடையாது. எந்தச் சபை அழைக்கிறதோ அங்கே போய், சில நாள் கூட்டம் நடத்திவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். அவர் பேசுவார், நான் பாடுவேன். கொழுந்தனார் வேன் ஓட்டுவார், நோட்டீஸ் அடிப்பார், கூட்டத்தைக் கூட்டுவார். எல்லா ஊரிலும் அவருக்கு மைக் தம்பி என்றுதான் பெயர். அவர் கையிலிருந்து மைக்கை வாங்குவதும் நாய் வாயிலிருந்து எலும்பை வாங்குவதும் ஒன்றுதான்.

மேசை வந்த கதை வேடிக்கையானது. ஓர் ஊரில் கால் உடைந்து கட்டுப் பிரித்த இளைஞர் ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஊன்றுகோல் அவருக்குப் பழக்கதோஷம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிக்கு அடியில் அதை மறந்துவிட்டு, நண்பனின் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் கொழுந்தனார் அதைக் கண்டெடுத்தார். அடுத்த ஊர் மேடையில் அது மூன்று வருஷம் நடக்காதவரின் கோல் ஆனது. அதற்கடுத்த ஊரில் பத்து வருஷம். இப்போது அது பிறவி முடவருடையது.

"தம்பி, அந்தப் பையன் சைக்கிள்ல போனதை நான் என் கண்ணால பாத்தேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"அண்ணி, கேக்குறவங்களுக்கு விசுவாசம் வளர வேண்டாமா?"

"விசுவாசம் வளரட்டும். கட்டை எதுக்கு வளருது?"

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டியது. முளையில் கிள்ளாதது மரமாகி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கட்டையைப் பார்த்த ஜனங்கள் தங்கள் பொருள்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். பிறகு அவர்கள் தாங்களாக வைக்கும்வரை காத்திருக்கவும் கொழுந்தனாருக்குப் பொறுமை இல்லை. ஜெப நேரத்தில் மைக்கில் முழங்குவார். "நம்புறவங்க முன்னால வாங்க! சுகம் கிடைச்சாச்சு, இனிமே மருந்து எதுக்கு? மேசையில வைங்க!"

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல மாட்டார். அவர் பேச்சில் பொய் இருக்காது. நான் வாக்கப்பட்டதே அந்தப் பேச்சுக்காகத்தான். ஆனால் தம்பி முழங்கும்போது அவர் கண்ணை இறுக மூடி ஜெபித்துக்கொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் மாத்திரையெல்லாம் மேசைக்கு வந்துகொண்டிருந்த அதே நாள்களில், எங்கள் வீட்டு மாத்திரை என் பையிலிருந்த பொத்தான் டப்பாவில் பத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் டீக்கு முன்னால் கையை நீட்டுவார். நான் மாத்திரையை வைப்பேன். விழுங்கிவிட்டு வேறு பேச்சு பேசுவார். மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று கல்யாண வீட்டில் யாரும் வாய் திறக்காத மாதிரி, எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒரே ஒரு முறை கேட்டேன்.

"மேசையில வைக்கச் சொல்றோமே, நாம மட்டும் சாப்பிடுறோமே?"

"இது வியாதிக்கு இல்லம்மா. பிரயாணத்துக்கு" என்றார்.

ஓர் ஊரில் கூட்டத்தின் கடைசி மாலை அது. மேசைக்கு முன்னால் நின்றவர்களில் ஒரு பெண் மட்டும் ஓர் அடி முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருந்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் கோடு கோடாகச் சுட்ட தழும்புகள். தெருமுனை ரொட்டிக்கடைப் பெண். நாங்கள் தங்கியிருந்த போதகர் வீட்டுக்குத் தினமும் காலையில் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். வரும்போதெல்லாம், "ரொட்டி நல்லாருந்துச்சாக்கா?" என்று கேட்காமல் போனதில்லை.

மேடை ஓரமாக வந்து, பாட்டுப் புத்தகத்தோடு நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு வலிப்பு. இந்த மாத்திரையைச் சாப்பிடுற வரைக்கும் வர்றதில்ல. இதையும் வெச்சிடணுமா? வெக்கலைன்னா எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆயிடுமா?"

கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதன் மேல் சிவப்பு மையில் மருத்துவர் பெரிதாக எழுதியிருந்தார்: ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

நான் வாயைத் திறப்பதற்குள் மைக் நடுவில் வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, தயக்கமா? பயமா? பயம் யாருகிட்டேயிருந்து வருது?" என்று கேட்டுவிட்டு, கொழுந்தனார் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். "சாத்தான்கிட்டேயிருந்து!" என்று மைதானமே கத்தியது. அத்தனை பேர் பார்க்கும்போது அவள் என்ன செய்வாள்? பெட்டி மேசைக்குப் போனது. கைதட்டல். கீபோர்டு தொடங்கிவிட்டது. என் பாட்டு. நான் அவள் காதருகே குனிந்து, "காலையில வந்து என்னைப் பாரு, கண்டிப்பா வா" என்றேன். கைதட்டலில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் ரொட்டி வரவில்லை. அவளும் வரவில்லை. நான் மாடி அறையில் துணிகளை மடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தேன். நடுவில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கொழுந்தனார் கீழே வேனின் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். "அண்ணி, சீக்கிரம்! நேரமாச்சு!" வழியில் ரொட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லலாம் என்று இறங்கினால், மனிதர் தெருமுனைப் பக்கமே போகவில்லை. வேறு சந்தில் திரும்பி நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, ஏன் இந்தப் பக்கம்?"

"குறுக்கு வழி அண்ணி."

அது குறுக்கு வழி இல்லை என்று கொஞ்ச தூரம் போனதும் அவர் வாயாலேயே வந்தது. ஊர் கண்ணுக்கு மறைந்த தைரியம். ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, "அண்ணே, இன்னைக்குப் பிரசங்கத்துக்கு ஒரு கதை மாட்டியிருக்கு" என்று தொடங்கினார். "காலையில அண்ணி குளிக்கும்போது அந்த ரொட்டிக்காரப் பொண்ணோட மாமியார் வந்துச்சு. மருமக மாத்திரையைத் திருப்பிக் குடுங்கன்னு ஒரே அழுகை. நான் விடல. அம்மா, மேசையில வெச்சது ஆண்டவருக்கு வெச்சது, குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது அழகான்னு கேட்டேன். அதுக்கு அந்தக் கிழவி என்ன சொல்லுச்சு தெரியுமா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆண்டவருக்குத்தான் வலிப்பு வராதே தம்பி, அவருக்கு எதுக்கு அந்த மாத்திரைன்னு கேக்குது!"

முன்சீட்டில் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"வேனைத் திருப்புங்க" என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"அந்தப் பெட்டியைக் குடுக்க."

"சாயங்காலம் கூட்டம் இருக்கு. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. மாத்திரைதானே, புதுசா வாங்கிக்குவாங்க."

"புதுசா வாங்க முடிஞ்சா அந்தம்மா எதுக்குக் காலங்காத்தால உங்க கால்ல வந்து விழணும்?"

"அது ஏதோ, அந்த டாக்டர் அடுத்த வாரம்தான் வருவாராம். அவர் சீட்டு இல்லாம கடையில குடுக்க மாட்டாங்களாம். அது இதுன்னு சொல்லுச்சு."

தெரியாமல் செய்யவில்லை. எல்லாம் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். தெருமுனையைத் தவிர்த்து வந்ததும் தெரிந்துதான்.

"அவ அடுப்பு முன்னால நிக்கிறவ தம்பி. அடுப்புக்கு முன்னால வலிப்பு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"அவநம்பிக்கையா பேசாதீங்க அண்ணி. நாமளே சந்தேகப்பட்டா எப்படி?"

நான் என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டேன். "என்னங்க, நீங்க சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடியபடியே, "ரெண்டு பேரும் சமாதானமா இருங்க" என்றார்.

ரெண்டு பேரும்! கொளுத்தினவனும் குடம் தூக்கி ஓடுகிறவளும் அவருக்கு ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் எனக்கு வராத கோபம் அப்போது வந்தது. எழுந்து பின்பக்கம் போய்த் தகரப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பூட்டு. சாவி கொழுந்தனாரின் இடுப்பில், வேன் சாவிக் கொத்தோடு ஆடிக்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க், பக்கத்திலேயே டீக்கடை. வண்டிக்கு டீசல், எங்களுக்கு டீ. கிளம்பிய அவசரத்தில் காலையில் யாரும் எதுவும் குடிக்கவில்லை. கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மூன்று கிளாஸ் வந்தது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார்.

நான் பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்தேன். ஆனால் கையில் வைக்கவில்லை. மேசை மேல், மூன்று கிளாஸுக்கும் நடுவில் வைத்து, அதன் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"இது இன்னைக்குச் சாயங்காலம் சாட்சி மேசைக்குப் போகுது" என்றேன். "முதல் சாட்சி ஊழியக்காரர் வீட்டிலேயிருந்து வரட்டும். மைக் தம்பி, எப்படிச் சொல்லுவீங்க? பத்து வருஷக் கொதிப்புன்னா? பிறவிக் கொதிப்புன்னா?"

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் பாத்திரத்தைத் தூக்கியபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"விளையாடாத" என்றார் என் வீட்டுக்காரர்.

"விளையாடல. இனிமே மருந்து எதுக்கு? சுகம் கிடைச்சாச்சே."

"அண்ணி!" கொழுந்தனார் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேர் பாக்குறாங்க. அண்ணனுக்கு மாத்திரை தவறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? போன தடவை மேடைப் படியிலேயே தலை சுத்தி உக்காந்துட்டாரே!"

"அட, அது உங்களுக்குத் தெரியுதே! அண்ணன் தலை சுத்தும்னு தெரியுது. அந்தப் பொண்ணு அடுப்புல விழுவான்னு மட்டும் ஏன்டா தெரியல?"

'டா' போட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறை. கொழுந்தனார் முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீட்டிய கை இன்னும் மேசை மேல் மலர்ந்தே கிடந்தது. வழக்கமான நேரம் தாண்டிப் போயிருந்தது. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.

"ஒரு வேளை கொஞ்சம் தள்ளிப் போனதுக்கே உங்க கை இப்படி ஆடுது" என்றேன். "அவ நேத்து சாயங்காலத்திலேயிருந்து இல்லாம இருக்கா. எங்கிட்டதான் வந்து கேட்டா. வெக்கணுமாக்கான்னு. நான் பாடப் போயிட்டேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. சாவியை வாங்கிக் குடுங்க. இந்தாங்க உங்க மாத்திரை."

அட்டையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சாவி வரும்வரை பிடித்து வைத்திருக்க எனக்கும் தைரியம் இல்லை. அவர் என் புருஷன்.

அவர் மாத்திரையை எடுக்கவில்லை. பிறகு தம்பியைப் பார்க்காமலே, "சாவியைக் குடுடா" என்றார்.

"அண்ணே, கூட்டம்..."

"சாவியைக் குடுத்துட்டு வண்டியைத் திருப்பு."

"கமிட்டிக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு..."

"திருப்புடா!"

டீக்கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். மேடையில் கேட்கும் அந்தக் குரல் மைக் இல்லாமல் கேட்டு எனக்கே வருஷங்களாகிவிட்டன. கொழுந்தனார் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் போட்டார். என் கையில் கொடுக்கவில்லை, போட்டார். சரி, இருக்கட்டும். டீயைக் குடிக்காமலே கிளம்பினோம். பாதி வழியில்தான் என் வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கினார். தண்ணீரை நான் கொடுத்தேன்.

ரொட்டிக்கடையின் முன் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே தீய்ந்த வாசனை. தட்டுகளில் கரிந்த ரொட்டிகள் அடுக்காமல் கிடந்தன. அடுப்பு அணைந்திருந்தது. வலது கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்திருந்தார் அந்த மாமியார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நேராகக் கொழுந்தனாரைத்தான் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆண்டவர் மாத்திரையைச் சாப்பிட்டு முடிச்சுட்டாரா? மிச்சம் ஏதாவது இருக்கா?"

மைக் தம்பி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நான் மாத்திரைப் பெட்டியை நீட்டினேன். அவர் இடது கையால் வாங்கிப் பிரித்து, உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்த்தார். "அவளை அடுப்புகிட்ட விடல" என்றார், எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்வது போலவும். "போடி அங்கிட்டுன்னு தள்ளிட்டு நானே தட்டை எடுத்தேன். எனக்குப் பழக்கம் எங்கே? கை ஒட்டிக்கிச்சு. நான் கத்தின சத்தத்துல அவ பதறி ஓடி வந்தா. வந்த இடத்திலேயே விழுந்தா. நல்ல வேளை, மாவு மூட்டை மேல விழுந்தா. ரெண்டு எட்டு தள்ளி விழுந்திருந்தா..." அடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் விரித்த சாக்கின் மேல் படுத்திருந்தாள் அவள். தலைமுடி, முகம், புருவம் எல்லாம் வெள்ளை மாவு. கடித்துக்கொண்ட உதட்டோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மயக்கம் தெளிந்த பிறகும் கண்கள் கனத்திருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு தடித்து, வார்த்தை குழறியது.

"அக்கா, எனக்கு விசுவாசம் பத்தல போல. அதான் திரும்ப வந்துடுச்சு."

மருந்தையும் பிடுங்கிக்கொண்டு, விழுந்ததற்குக் காரணமும் அவளே என்று நம்பவைத்துவிட்டு வந்திருக்கிறோம். கைவிலங்கு போட்டால்கூட ஒரு நாள் கழற்றலாம். இதை எந்தச் சாவியால் திறப்பது?

என் பின்னால் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர், மேடைக்கென்று தேய்த்துப் போட்டிருந்த கறுப்புக் கால்சட்டையோடு, மாவில் முழங்காலிட்டிருந்தார்.

"உனக்குப் பத்தலைன்னு யாரும்மா சொன்னது?" என்றார். "நான் தினமும் காலையில மாத்திரை சாப்பிடுறவன். இப்ப வர்ற வழியிலயும் சாப்பிட்டேன். இவ எடுத்துக் குடுப்பா, நான் முழுங்குவேன். உனக்கு நம்பிக்கை இல்லைன்னா எனக்கும் இல்ல. யாருக்கும் தெரியாம சாப்பிட்டேன், அதுதான் வித்தியாசம்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

"ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று மாமியாரிடம் கேட்டார்.

"முதல்ல அவ மாத்திரையைப் போடட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பண்ணுங்க. யார் வேணாம்னா?" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற கொழுந்தனாரிடம், "தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க, அந்தத் தண்ணிக் குடத்தை எடுங்க" என்றார். அவர் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவளையும் மாமியாரையும் வேனில் ஏற்றி, நகரத்தின் பெரிய மருத்துவமனையில் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். அங்கே மாமியாரின் கையைப் பார்த்த நர்ஸ், "இது எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஊழியத்துல ஆச்சு" என்றார் மாமியார்.

அடுத்த ஊர் மைதானத்துக்குப் போனபோது கூட்டம் காத்திருந்து சலித்துப்போயிருந்தது. கமிட்டித் தலைவர் வாசலிலேயே நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் மடக்கு மேசையைத் தானே இறக்கி, தானே விரித்தார். வெள்ளைத் துணி போடவில்லை. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அடுக்கினார். கடைசியாகத் தன் மாத்திரை அட்டையை எடுத்து, ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மைக்கைத் தம்பியிடமிருந்து வாங்கினார். நாய் எலும்பை விட்டது.

"இந்த மாத்திரை என்னுது" என்றார். "நாளைக்குக் காலையில எடுத்துச் சாப்பிடுவேன். ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுவேன். இந்தக் கட்டை முடவரோடது இல்ல. கால் சரியான ஒருத்தர் மறந்துட்டுப் போனது. மிச்சமெல்லாம் உங்களை மாதிரி ஜனங்க, நாங்க கேட்டோம்னு குடுத்தது. கேட்டது தப்பு. கேக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு நின்னது நான். இங்க யாரும் மருந்தை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்."

கைதட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். கூட்டம் முடிந்ததும் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, "இப்படிப் பேசினா அப்புறம் யார் வருவா ஐயா? உங்க மேசையைப் பாக்கத்தானே கூப்பிட்டோம்" என்று கேட்டார். மேசையைப் பார்க்கவாம்! இத்தனை வருஷம் தொண்டை கட்டப் பாடியதும், அவர் உருகி உருகிப் பேசியதும் தொடுகறி. விருந்து அந்த மேசைதான்.

மறுநாள் மாலைக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். அடுத்து அழைத்திருந்த இரண்டு சபைகளும் போனில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டன. செய்தி எங்கள் வேனைவிட வேகமாகப் போகிறது. கொழுந்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அண்ணி, இப்ப எங்கே போறது?" என்று மட்டும் கேட்டார்.

"வந்த வழியே" என்றேன்.

அப்படித்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். கூட்டம் நடத்திய ஊருக்கெல்லாம் திரும்பிப் போய், ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரத்தில் கோயில் வாசலில் மேசையை விரிக்கிறோம். சில இடங்களில் போதகர்கள் வாசலுக்கு வெளியே, தெருவில் போடச் சொல்கிறார்கள். போடுகிறோம். மூக்குக் கண்ணாடிகளில் பல போய்விட்டன. ஓர் அம்மாள் தன்னுடையதை மாட்டிக்கொண்டு, என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க இவ்வளவு வயசானவங்கன்னு அன்னைக்குத் தெரியலையே" என்றார். இடுப்புப் பட்டைக்காரர் பட்டையை வாங்கிக்கொண்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டோம். ஒரு புட்டி மருந்துக்கு உரிய பெரியவரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், கதவைத் திறந்த மகன் எங்களை அடையாளம் கண்டுகொண்டு கதவைச் சாத்தினான். உள்ளே அந்தப் பெரியவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தக் காதுக் கருவி மட்டும் இன்னும் இருக்கிறது. யார் வைத்தார், எந்த ஊரில் வைத்தார் என்று மூவருக்கும் ஞாபகமில்லை. ஒவ்வோர் ஊரிலும் கொழுந்தனார் மைக்கைப் பிடித்து, "காது மெஷின் வெச்சவங்க வந்து வாங்கிக்குங்க! காது மெஷின்!" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்.

நேற்றுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, நிறுத்துங்க" என்றேன். "அது அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

மைக்கை இறக்கினார். என் வீட்டுக்காரர் பழைய போஸ்டர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார். எட்டத்திலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று, ஒவ்வோர் எழுத்தையும் கையகலத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்.